மொட்டை மாடி சோலார்: பேனல் கனமா, காற்று கனமா?

வீட்டு மாடியில் சோலார் போடலாம்னு பேச்சு எடுத்தாலே பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இவ்ளோ வெயிட்டை மாடி தாங்குமா?" நியாயமான கேள்விதான். ஆனா கணக்கு போட்டுப் பார்த்தா, மாடிக்கு பேனலின் எடை பெரிய விஷயமே இல்லை. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இதுக்கு நேர் எதிரானது: "இவ்ளோ குறைஞ்ச எடை காற்றுல நிற்குமா?"

2024 பிப்ரவரியில் மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டம் வந்ததிலிருந்து 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்குது. அதனால தெருவுக்குத் தெரு பேனல் ஏறிட்டு இருக்கு. அதே சமயம் நம்ம கடற்கரை 2016 டிசம்பர் 12 அன்று வர்தாவையும், 2018 நவம்பர் 16 அன்று கஜாவையும் பார்த்த கடற்கரை. பேனல் 25 வருஷம் மாடியில் இருக்கப் போகுது. அந்த 25 வருஷத்தில் இன்னொரு பெரிய புயல் வராதுன்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க.

இன்வெர்ட்டர் சைஸிங், ஸ்ட்ரிங் வோல்டேஜ், கேபிள் லாஸ் எல்லாம் நாம லேப்லயும் புராஜெக்ட்லயும் பார்த்துடறோம். அந்தப் பேனலைப் பிடிச்சு வெச்சிருக்கும் இரும்புச் சட்டத்தின் கணக்கு மட்டும் "அது சிவில் டிபார்ட்மென்ட் வேலை"ன்னு விட்டுப் போயிடுது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு உதாரணத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கையால் போட்டுப் பார்ப்போம். கால்குலேட்டர் போதும்.

நம்ம உதாரணம்

சென்னையில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமா, சுற்றிலும் அதிகம் கட்டடம் இல்லாத இடத்தில் ஒரு மாடி வீடு. மொட்டை மாடி தரையிலிருந்து 7 மீட்டர் உயரம். அதற்கு மேல் சுமார் 2.5 மீட்டர் உயர்த்தி ஸ்ட்ரக்சர். கீழே நடக்கணும், துணி காயப் போடணும் என்பதால் இங்கே பலரும் இப்படி உயர்த்தித்தான் போடறாங்க.

பேனல்: 550 வாட், 6 எண்ணிக்கை, மொத்தம் 3.3 கிலோவாட். ஒரு பேனல் 2.278 மீட்டர் × 1.134 மீட்டர், எடை சுமார் 28 கிலோ. மூன்று மூன்றாக இரண்டு வரிசை. மொத்தப் பரப்பு 15.5 சதுர மீட்டர். தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு. நான்கு கால்கள்: தாழ்வான தெற்கு ஓரத்தில் இரண்டு, உயரமான வடக்கு ஓரத்தில் இரண்டு.

முதல் கணக்கு: எடை

பேனல்கள் 6 × 28 = 168 கிலோ. கால், ராஃப்டர், பர்லின் எல்லாம் சேர்த்து 120 கிலோன்னு வெச்சுப்போம். மொத்தம் 288 கிலோ, அதாவது 2.83 கிலோ நியூட்டன். 1 கிலோ நியூட்டன் என்றால் கிட்டத்தட்ட 100 கிலோ எடைன்னு மனசுல வெச்சுக்கிட்டா இனி வரும் எண்கள் எல்லாம் சுலபமா புரியும்.

இதைப் பரப்பால் வகுத்தா சதுர மீட்டருக்கு 0.18 கிலோ நியூட்டன். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு ஐஎஸ் 875 பகுதி 2 சொல்லும் நடமாட்டச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன். நம்ம சோலார் அதில் எட்டில் ஒரு பங்கு. சராசரியா பார்த்தா, ஒழுங்கா கட்டின மாடி இதைக் கண்டுக்கவே கண்டுக்காது. கால் ஊன்றும் இடத்தில் எடை குவியும், அதைத் தனியா பார்க்கணும். ஆனா மொத்த எடை பிரச்சினை இல்லை.

இரண்டாவது கணக்கு: காற்று

இங்கே நமக்கு வேண்டிய புத்தகம் ஐஎஸ் 875 பகுதி 3, 2015 பதிப்பு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அடிப்படைக் காற்று வேகம் இதில் இருக்கு. சென்னை, புதுச்சேரி வினாடிக்கு 50 மீட்டர். திருச்சி 47. மதுரை, கோவை 39. 50 என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர்.

இந்த வேகம் எதைக் குறிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். திறந்த வெளியில், 10 மீட்டர் உயரத்தில், 3 வினாடி சராசரியாக வீசும் வேகம். 50 வருஷத்தில் சராசரியா ஒரு தடவை எதிர்பார்க்கக் கூடியது. "அப்போ 25 வருஷத்தில் வர வாய்ப்பு இல்லையே"ன்னு தோணும். ஒரு வருஷத்தில் அந்த வேகம் தாண்டப்படாமல் இருக்க வாய்ப்பு 0.98. தொடர்ந்து 25 வருஷம் தாண்டப்படாமல் இருக்க, 0.98-ஐ 25 தடவை பெருக்கணும். விடை 0.60. அதாவது பேனலின் ஆயுளுக்குள் ஒரு தடவையாவது அந்த வேகம் தாண்டப்பட 40 சதவீதம் வாய்ப்பு இருக்கு. இது சின்ன எண் இல்லை.

வடிவமைப்பு வேகம் = அடிப்படை வேகம் × கே1 × கே2 × கே3 × கே4.

கே1 கட்டடத்தின் ஆயுள், முக்கியத்துவம் சார்ந்தது. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.0. கே2 உயரமும் சுற்றுப்புறமும். திறந்த வெளி, அதாவது இரண்டாம் வகை நிலப்பரப்பில் 10 மீட்டர் வரை 1.0. வீடுகள் நெருக்கமா இருக்கும் மூன்றாம் வகையில் 0.91. கே3 மேடு பள்ளம், குன்று சார்ந்தது. சமதளத்துக்கு 1.0. கே4 புயல் தாக்கும் கடற்கரைக்கானது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் அகலப் பட்டையில், புயலுக்குப் பின்னும் இயங்கியே ஆக வேண்டிய மருத்துவமனை மாதிரி கட்டடங்களுக்கு 1.30, தொழிற்கூடங்களுக்கு 1.15, மற்றவைக்கு 1.0.

நம்ம வீட்டுக்கு நான்குமே 1.0. வேகம் 50-தான்.

அழுத்தம் = 0.6 × வேகத்தின் வர்க்கம் = 0.6 × 2500 = சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், அதாவது 1.5 கிலோ நியூட்டன். அடுத்து காற்றின் திசைக்கான குணகம். மற்ற இடங்களில் 0.9 எடுக்கலாம், புயல் பகுதியில் 1.0. பரப்புக்கான சின்னக் குறைப்பும் ஒன்று உண்டு. பத்து சதுர மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கோம், அதை விட்டுடுவோம். ஆக 1.5 அப்படியே நிற்குது.

இங்கே ஒரு நிமிஷம் அந்த வர்க்கத்தைக் கவனிங்க. திருச்சியின் 47-க்கு 1325 நியூட்டன். மதுரையின் 39-க்கு 913 நியூட்டன்தான். வேகம் 39-லிருந்து 50 ஆகும்போது 28 சதவீதம்தான் கூடுது, அழுத்தம் 64 சதவீதம் கூடுது. கோவையில் நல்லா நின்ன டிசைனை அப்படியே காப்பி எடுத்து சென்னையில் போட்டா என்ன ஆகும்னு இந்த ஒரு வரியே சொல்லிடும்.

காற்று எந்தப் பக்கம் தள்ளும்?

சுவரில் காற்று மோதினா தள்ளும், அவ்ளோதான். சாய்ந்த பேனல் அப்படி இல்லை. தாழ்வான பக்கத்திலிருந்து காற்று வந்தா பேனலின் முகத்தில் மோதி கீழே அமுக்கும். உயரமான பக்கத்திலிருந்து வந்தா அடிவயிற்றில் மோதி மேலே தள்ளும். அதே நேரம் மேல்பரப்பில் காற்று வேகமா வழுக்கிப் போகும்போது உறிஞ்சவும் செய்யும். தள்ளலும் உறிஞ்சலும் ஒரே திசையில் சேர்ந்துக்கும்.

சுவர் இல்லாமல் கூரை மட்டும் உள்ள அமைப்புக்கு, ஒரு பக்கம் சாய்ந்த கூரைக்கு, இந்த இரண்டையும் சேர்த்த நிகரக் குணகங்களைக் கோடு தருது. கீழே அடைப்பு எதுவும் இல்லாதபோது 10 டிகிரிக்கு: கீழ்நோக்கி +0.5, மேல்நோக்கி −0.9. அதே 20 டிகிரிக்கு +0.8, −1.3.

தூக்கு விசை = 0.9 × 1.5 × 15.5 = 20.9 கிலோ நியூட்டன்.
அமுக்கு விசை = 0.5 × 1.5 × 15.5 = 11.6 கிலோ நியூட்டன்.
நம்ம மொத்த எடை = 2.83 கிலோ நியூட்டன்.

எடை 288 கிலோ. காற்று தூக்குவது 2 டன்னுக்கு மேல், எடையைப் போல ஏழு மடங்கு. தலைப்பில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

இதில் நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கு. வட அரைக்கோளத்தில் புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். வங்கக்கடலில் நமக்குக் கிழக்கே புயல் நெருங்கி வரும்போது கரையில் காற்று வடக்குப் பக்கத்திலிருந்து வீசும். நம்ம பேனல்கள் தெற்கு பார்த்தவை. அவற்றின் தூக்கிய முதுகு வடக்கே இருக்கு. ஆக, சூரியனுக்காகச் சரியா வெச்ச அதே திசை, புயலுக்கு அடிவயிற்றைக் காட்டி நிற்குது. புயல் கடக்கும்போது திசை மாறும் என்பதால் எல்லாத் திசைக்கும் கணக்கு போடணும். ஆனா எது முதலில், எது மோசம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

ஒவ்வொரு காலுக்கும் எவ்வளவு?

எடை நமக்கு உதவி செய்யும் இடத்தில் அதைக் குறைத்து எடுக்கணும், காற்றைக் கூட்டி எடுக்கணும். அதுக்கான சேர்க்கை 0.9 × எடை, 1.5 × காற்று.

10 டிகிரி சாய்வால் தூக்கு விசையின் செங்குத்துப் பகுதி 20.6. அதை 1.5-ஆல் பெருக்கினா 30.9. எடையின் பங்கு 0.9 × 2.83 = 2.5. மிச்சம் 28.4 கிலோ நியூட்டன் மேல்நோக்கி. நான்கு காலுக்குப் பிரிச்சா தலைக்கு 7.1-ன்னு எழுதிட்டு முடிக்கத் தோணும்.

அது தப்பு. காற்று பேனலின் நடுவில் தள்ளாது. இந்த மாதிரிக் கூரைக்கு விசையின் மையம், காற்று வரும் ஓரத்திலிருந்து அகலத்தின் 0.3 பங்கில் இருக்கும்னு கோடு சொல்லுது. ஆக, வடக்குக் காற்றில் 70 சதவீதம் வடக்குக் கால்கள் மேல் விழும். 30.9-இல் 70 சதவீதம் 21.6. அந்தப் பக்க எடையின் பங்கு 1.3-ஐக் கழிச்சா 20.3. இரண்டு காலுக்குப் பிரிச்சா ஒவ்வொன்றுக்கும் சுமார் 10.2 கிலோ நியூட்டன். ஒரு காலை ஒரு டன் விசை மேலே இழுக்குது.

இதோட விசை சாய்வா இருப்பதால் 3.6 கிலோ நியூட்டன் அளவுக்குக் கிடைத்திசையிலும் ஒரு பங்கு உண்டு. 2.5 மீட்டர் உயரக் கால்களின் உச்சியில் அது தள்ளும்போது அடியில் திருப்புவிசை வரும். குறுக்குச் சட்டம், அதாவது பிரேசிங், இல்லாத நான்கு தனிக் கால்கள் இங்கேதான் தோற்கும். அமுக்கு விசையையும் இதே மாதிரி பிரிச்சா தெற்குக் கால் ஒன்றுக்கு சுமார் 7 கிலோ நியூட்டன் கீழ்நோக்கி வரும். அது இரண்டாவது சோதனை.

அந்த ஒரு டன்னை யார் பிடிக்கிறது?

இந்த விசை கிளாம்ப்பிலிருந்து பர்லினுக்கு, ராஃப்டருக்கு, காலுக்கு, பேஸ் பிளேட்டுக்கு, போல்ட்டுக்கு, கட்டடத்துக்குன்னு இறங்கணும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மிச்சம் எவ்வளவு பலமா இருந்தும் பயன் இல்லை.

முதல் கண்ணி பேனல். டேட்டா ஷீட்டில் 5400 பாஸ்கல்னு பெரிசா போட்டிருப்பாங்க. அது முன்பக்கச் சுமை, பனி குவியும் நாடுகளுக்கு முக்கியம். நமக்கு வேண்டியது பின்பக்க எண், பெரும்பாலும் 2400. அதுவும் சோதனைச் சுமை. 1.5 பாதுகாப்புக் காரணியால் வகுத்தா 1600 பாஸ்கல். நம்ம சராசரித் தூக்கு அழுத்தம் 1350. நடுவில் தப்பிச்சுக்கலாம். ஓரத்திலும் மூலையிலும் உள்ளூர் குணகங்கள் இதைவிட அதிகம் என்பதால் அங்கே இடைவெளி ரொம்பக் குறைவு. தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் கிளாம்ப் போடாமல் கைக்கு எட்டின இடத்தில் போட்டா இந்த 2400-க்கே அர்த்தம் இல்லை.

கடைசிக் கண்ணி மாடி. பெரும்பாலான மாடிகளில் காலுக்கு அடியில் ஒரு சின்ன கான்கிரீட் கட்டையைப் பார்க்கலாம். ஒரு அடி நீளம், அகலம், உயரம்னு வெச்சா எடை 65 கிலோ. நமக்கு வேண்டியது 10.2-ஐ 0.9-ஆல் வகுத்த 11.3 கிலோ நியூட்டன், அதாவது 1150 கிலோ. அந்தக் கட்டை 18 வேணும், ஒரே காலுக்கு! எடையை மட்டும் நம்பி சென்னையில் உயரமான ஸ்ட்ரக்சரை நிறுத்த முடியாது. நிறுத்த முயற்சி பண்ணினா, பெரியவர்கள் கேட்ட "மாடி தாங்குமா" கேள்வி அப்போதான் நிஜமான கேள்வி ஆகும்.

அப்போ போல்ட் போட்டுப் பிடிக்கணும். இங்கே நம்ம ஊர் மாடியின் அடுக்கு தெரியணும். மேலே தட்டோடு. அதுக்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட வெதரிங் கோர்ஸ், 75 முதல் 100 மில்லிமீட்டர். அதுக்கும் கீழேதான் உண்மையான கான்கிரீட் ஸ்லாப். 100 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டைத் தட்டோட்டின் மேலிருந்து இறக்கினா அது ஸ்லாபைத் தொட்டிருக்குமா என்பதே சந்தேகம். பிடிச்சிருப்பது ஜல்லியையும் சுண்ணாம்பையும். இறுக்கும்போது நல்லா இறுகும். இழுக்கும்போது பிடுங்கிட்டு வரும். கூடவே மழைத் தண்ணி இறங்க ஒரு ஓட்டையும் கிடைச்சிடும்.

ஸ்லாபையே பிடிச்சாலும் யோசிக்கணும். 120 மில்லிமீட்டர் ஸ்லாபின் எடை சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன். 10.2 கிலோ நியூட்டன் இழுப்பு என்பது 3.4 சதுர மீட்டர் ஸ்லாபின் எடைக்குச் சமம். ஸ்லாபின் நடுப்பகுதியில் கம்பி அடிப்பக்கம்தான் இருக்கும், கீழ்நோக்கிய சுமைக்குன்னு போட்டது. மேலே இழுப்பதற்குன்னு அது வடிவமைக்கப்படலை. அதனால கால்கள் பில்லர் மேலேயோ பீம் மேலேயோ வரும்படி ஸ்ட்ரக்சரின் அளவை மாத்தறதுதான் சரி. பேனலுக்கு வசதியா காலை வைக்காம, வீட்டுக்கு வசதியா வைக்கணும்.

நம்ம வீடுகளில் இதுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கு. பின்னாடி இன்னொரு மாடி எழுப்பலாம்னு பில்லர் கம்பிகளை மொட்டை மாடியில் நீட்டி விட்டிருப்பாங்க. துரு அரிக்காத கம்பியா இருந்தா, அதைச் சேர்த்துக் கட்டி ஒரு சின்னப் பீடம் வார்த்து, அதில் பேஸ் பிளேட்டைப் பிடிக்கலாம். விசை நேரா பில்லருக்குப் போகும். கம்பி இல்லாத இடத்தில் வெதரிங் கோர்ஸை வெட்டி எடுத்து, பில்லர் தலையில் கெமிக்கல் ஆங்கர் போட்டுப் பீடம் வார்த்து, சுற்றிலும் நீர்க்கசிவு அடைப்பு செய்யணும். வேலை ஒரு நாள் கூடும், அவ்ளோதான்.

கடற்கரையில் துருவும் ஒரு சுமைதான். நட்டும் போல்ட்டும் அரிச்சுப் போனா பத்தாவது வருஷத்தில் இருக்கும் ஸ்ட்ரக்சர், முதல் வருஷம் கணக்கு போட்ட ஸ்ட்ரக்சர் இல்லை. ஹாட் டிப் கால்வனைஸ் செய்த இரும்பு, ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் போல்ட், வெல்டிங் செய்த இடத்தில் மறுபூச்சு. இதெல்லாம் அழகுக்காக இல்லை.

எண்கள் எப்படிக் கரையும்

புராஜெக்ட் ரிப்போர்ட் படிக்கும்போது இதை மட்டும் தேடிப் பாருங்க. "பேனல் ஆயுள் 25 வருஷம்தான்"னு சொல்லி கே1-ஐ 0.90 எடுக்கலாம், அபாயம் குறைந்த கட்டடங்களுக்குக் கோடே அந்த எண்ணைத் தருது. "சுத்தி வீடு இருக்கே"ன்னு கே2-ஐ 0.91 எடுக்கலாம். ஒவ்வொன்றும் தனியா பார்த்தா பத்து சதவீதம் மாதிரி தெரியும். வர்க்கம் எடுத்தா 0.81 × 0.83 = 0.67. காற்றில் மூன்றில் ஒரு பங்கு பேப்பரிலேயே காணாமப் போச்சு! நிஜக் காற்று அதைப் படிக்கப் போறதில்லை. பிய்ச்சுக்கிட்டுப் போகும் 28 கிலோ கண்ணாடிப் பலகை விழுவது பக்கத்து வீட்டிலோ தெருவிலோ. அதனால "அபாயம் குறைவு"ன்னு எடுக்க எனக்கு மனசு வரலை. கே1 1.0-தான் நியாயம்.

சாய்வையும் அப்படியே பார்க்கலாம். 10-லிருந்து 20 டிகிரி ஆக்கினா தூக்கு விசை 44 சதவீதம் கூடுது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கு. இங்கே அதிகச் சாய்வால் கிடைக்கும் மின்சாரம் பேசற அளவுக்கு இல்லை. மழையில் தூசி கழுவிப் போக 10 டிகிரி போதும்.

இன்னொன்று. கோடு தரும் இந்தக் குணகங்கள் தனியா நிற்கும் கூரைக்கானவை. கட்டடத்தின் ஓரத்தில் மோதிக் காற்று மேலே எகிறும் இடத்தில், முக்கியமா மாடி மூலைகளில், நிலைமை இதைவிட மோசமா இருக்கும். அதனால பேனலை மாடி விளிம்பிலிருந்து தள்ளி உள்ளே வைக்கணும். கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே நீட்டவே கூடாது.

வீட்டில் பேச்சு வந்தா கேட்க வேண்டியவை

1. எந்தக் காற்று வேகத்துக்கு டிசைன் பண்ணீங்க? "150 கிலோமீட்டர் தாங்கும்"னு சொன்னா, சென்னைக்கு வேண்டியது 180-ன்னு சொல்லுங்க.

2. வடக்குக் கால் ஒன்றில் தூக்கு விசை எவ்வளவு? எண் வரணும். "நிறைய போட்டிருக்கோம் சார்" என்பது எண் இல்லை.

3. கால்கள் பில்லர் மேலா, பீம் மேலா, ஸ்லாப் நடுவிலா?

4. போல்ட் வெதரிங் கோர்ஸைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் எத்தனை மில்லிமீட்டர் போயிருக்கு?

5. பேனலின் பின்பக்கச் சுமை எவ்வளவு? கிளாம்ப் எந்த இடத்தில்?

6. ஒவ்வொரு வருஷமும் அக்டோபருக்கு முன்னாடி போல்ட்டுகளைச் சரிபார்க்க யார் வருவாங்க?

இங்கே போட்டது கையால் போட்ட முதல் கணக்கு. நிஜ வீட்டுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் மாடியைப் பார்த்து, கணக்கு போட்டு, கையெழுத்து போடணும். ஆனா அவர்கிட்ட என்ன கேட்கணும்னு இப்போ உங்களுக்குத் தெரியும். "மாடி தாங்குமா"ன்னு வீட்டில் கேட்டா, "மாடி தாங்கும், மாடியோட சேர்த்துக் கட்டியிருக்கான்னு பார்க்கணும்"னு சொல்லுங்க.